மேலண்ணத்திலிருந்து குடிவந்த ஈறு

நான் பல்லை இழந்த விதம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. அதனால்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு அலுவலக நண்பர்கள் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மேசையில் குளிர்பான போத்தல்கள் வரிசையாக நின்றன. திறப்பான் சமையலறையில் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் பத்து அடி நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை. "இதுக்கெல்லாம் திறப்பான் எதுக்கு லா!" என்று சொல்லி முதல் போத்தலைப் பல்லால் திறந்தேன். கைதட்டினார்கள். இரண்டாவதைத் திறந்தேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாவது போத்தலின் மூடி அசையவில்லை. என் தலைக்குள் மட்டும் 'டக்' என்று ஏதோ முறிந்தது. மேல்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு பற்களில் இடப்பக்கத்துப் பல், வேர்வரைக்கும் விரிசல் விட்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டார்கள்.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணி. பில் எழுதுவதைவிட ஆட்களைச் சிரிக்க வைப்பதே என் முக்கிய உத்தியோகம் என்று என் முதலாளி நினைத்தார். அது ஓரளவு உண்மைதான். பல் போன பிறகு பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டிய ஒரு பொய்ப்பல்லை மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். வேகமாகப் பேசினால் தகடு ஆடும். தும்மினால் புறப்பட்டுவிடும். ஒரு கல்யாணத்தில் நான் அடித்த ஜோக்குக்கு நானே பலமாகச் சிரிக்க, பல் பறந்துபோய் எதிரே இருந்தவரின் ரசத்தில் விழுந்தது. அன்றைக்கு அந்தப் பந்தியில் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் கையிலிருக்கும் பில் கோப்பால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெண் டாக்டர் தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை நான் வைத்தியத்துக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எலும்பில் திருகாணி போட்டால் மண்டையில் இடிக்காதா என்பது என் சந்தேகம்.

கீழே பூக்கடை, மேலே கிளினிக். படியேறும்போது மல்லிகை வாசம். கதவைத் திறந்தால் பல் ஆஸ்பத்திரி வாசம். டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம்; வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாகத் திரும்பியிருந்தார். அவர் தமிழில் யாழ்ப்பாணத்து வாடை அப்படியே இருந்தது. என்னை 'அண்ணை' என்றார். ஈறை 'முரசு' என்றார். நான் எடுத்துக்கொண்டுபோன சந்தேகத்தைக் கேட்டுவிட்டு, "பகிடியோ?" என்றார்.

"இல்ல டாக்டர், நெஜமாத்தான் கேக்குறேன்."

"மண்டையில இடிக்காது. திருகாணி எனக்குப் பிரச்சினை இல்லை அண்ணை. பல்லும் பிரச்சினை இல்லை. பிரச்சினை இந்த முரசுதான். இஞ்ச பாருங்கோ."

கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். நாற்பது வருடமாகத் தினமும் பல் விளக்கிய வாய். ஆனால் அன்றைக்குத்தான் என் ஈறை முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் மேலும் அது வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பல்லுக்கு நடுவில் சின்ன முக்கோணமாகக் கீழே இறங்கி இடைவெளியை அடைக்கிறது. பல் போன இடத்தில் மட்டும், பள்ளம் விழுந்த ரோடு மாதிரி உள்வாங்கியிருந்தது.

"பல்லைப் பிடுங்கினால் எலும்பு வத்தும். எலும்பு வத்தினால் முரசும் வத்தும். இதுக்கு மேல நான் பல்லு வைச்சால் குதிரைப் பல்லு மாதிரி நீளமாத் தெரியும். பக்கத்தில கறுப்பா ஒரு ஓட்டை இருக்கும். நீங்கள் சிரிச்சால் ஆக்கள் பல்லைப் பார்க்க மாட்டினம், ஓட்டையைத்தான் பார்ப்பினம்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. யார் சிரித்தாலும் ஈறைப் பார்த்தேன். முதலாளிக்குக் கறுத்த ஈறு. பாசாரில் மீன் விற்கும் அக்காவுக்கு மேலுதடு ஏறினால் ஈறு மொத்தமும் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். தேர்தல் சுவரொட்டியில் கைகூப்பிச் சிரித்த வேட்பாளருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைவு. நான் சின்னத்தைக் கவனிக்காமல் ஈறைக் கவனித்துக்கொண்டு பஸ்ஸை விட்டேன். இத்தனை காலம் பல்தான் சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

முதலில் திருகாணியை இறக்கி ஈறுக்கு அடியில் புதைத்தார். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள ஆறு மாதம் விட்டார். அதன் பிறகுதான் ஈறு வேலை. மேலண்ணத்தின் உட்புறத்திலிருந்து ஒரு துண்டுச் சதையை எடுத்து, பள்ளம் விழுந்த இடத்தில் ஈறுக்கு உள்ளே செருகித் தைக்க வேண்டும். அது உயிர்பிடித்தால் பள்ளம் நிரம்பும். நிரம்பினால் தற்காலிகப் பல் ஒன்றை வைத்து, மாதாமாதம் அதன் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கவைத்து, ஈறை வளைவாகத் தள்ளிக்கொண்டே வரலாம்.

தைப்பதற்கு முந்தின வாரம் டாக்டர் ஓர் உண்மையைச் சொன்னார்.

"அண்ணை, இதை நான் படிக்கேக்குள்ள செய்தனான், பக்கத்தில ப்ரொஃபஸர் நிண்டவர். தனியா, முன்பல்லுக்குச் செய்யிறது இதுதான் முதல் தரம். சரி வந்தால் இனி மற்ற ஆக்களுக்கும் செய்வன். வராட்டில் பின்பக்கப் பல்லோட நிப்பாட்டிக்கொள்ளுவன். உங்களுக்குச் சம்மதமோ?"

"எனக்கும் இதுதான் மொதத் தடவ டாக்டர். ரெண்டு பேரும் ஒண்ணா பாஸ் பண்ணுவோம், இல்லாட்டி ஒண்ணா பெயிலாவோம்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு வாய் மரத்திருந்ததால் வலி தெரியவில்லை. ஆவல் மட்டும் மரக்கவில்லை. எடுத்த துண்டைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தேன். ஈரத் துணியின்மேல் வைத்துக் காட்டினார். அரை நகம் அளவு. இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒன்று. சற்று முன்பு வரைக்கும் என் வாயின் கூரையாக இருந்தது, இப்போது முன்வாசலுக்குக் குடிபோகிறது. தையல் முடிந்ததும் கோணல் வாயோடு கேட்டேன்:

"வீடு மாறுனது அதுக்குத் தெரியுமா டாக்டர்?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "முதல் ரெண்டு மூண்டு நாளைக்கு அதுக்கெண்டு சொந்த ரத்தம் இல்லை. சுத்தி இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கொண்டு கிடக்கும். பிறகு நூல் மாதிரிச் சின்னச் சின்ன ரத்த நரம்பு பக்கத்தில இருந்து உள்ளுக்குப் போகும். அந்த நேரத்தில ஒரு மயிரளவு ஆடினாலும் நூல் அறுந்துபோம். விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. கையில் ஓர் ஆங்கிலத் தாளும் கொடுத்தார். அவர் படித்த கல்லூரித் தாளின் நகல். சூடாகச் சாப்பிடக் கூடாது, அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, உதட்டை இழுக்கக் கூடாது, இரண்டு வாரம். மூன்றாவது வரிக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை எழுதியவர் கிள்ளானில் வரிசை வீட்டில் குடியிருந்ததில்லை.

எங்கள் வரிசையில் யாருக்கு எங்கே கத்தி பட்டாலும், மறுநாளே ஆரஞ்சுப் பையும் பிஸ்கட் டின்னுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். வந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் என்ன ஆனது என்று முதலிலிருந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் காயத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் அன்பு. காட்டாவிட்டால், இவர் எதையோ மறைக்கிறார், வேறு பெரிய வியாதி போலிருக்கிறது என்று பேச்சு கிளம்பிவிடும். மூன்றாவது வீட்டு அங்கிளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, வந்த ஆண்களுக்கெல்லாம் சாரத்தை இறக்கித் தையலைக் காட்டினார். நானும் போய்ப் பார்த்தேன். "நல்ல தையல்" என்று பாராட்டிவிட்டும் வந்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஆன்டி.

"எங்க, காட்டு பாப்போம்."

என் மனைவி குறுக்கே வந்தாள். "ஒதட்டத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க ஆன்டி."

"நான் என்ன பிச்சுக்கிட்டா போகப் போறேன்? ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

ஒரு தடவைதானே என்று இரண்டு விரலால் உதட்டைத் தூக்கினேன். ஆன்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "அடியாத்தே! மேல இருந்து வெட்டி முன்னால ஒட்டியிருக்காங்களா?" என்று வாய்பிளந்தார். அந்த வாய்பிளப்பில்தான் நான் கெட்டேன். என்னை ஒருவர் இப்படி ஆச்சரியத்தோடு பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். டார்ச் லைட் அடித்து முதலில் மேலண்ணம்: "இது பழைய வீடு." அப்புறம் உதடு: "இது புது வீடு." மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அங்கே முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, சோத்தோங்!" என்று கத்தினார், சொல்லிவிட்டு மத்தியானம் அதே கணவாய்ச் சம்பலைத்தான் சாப்பிட்டார். லோரி டிரைவர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்கள் போன பிறகு, மாற்றம் ஏதாவது தெரிகிறதா என்று கழிவறைக் கண்ணாடியில் நானே பார்ப்பேன். நூல் மாதிரி நரம்பு உள்ளே போகிறது என்று சொன்னாரே, அது கண்ணுக்குத் தெரியுமா என்று தேடினேன். நரம்பைத் தேடித் தேடி நரம்பை அறுத்த மனிதன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். டாக்டர் கேமராவைத் தயாராக வைத்திருந்தார். உதட்டை மெல்லத் தூக்கினார். அவர் முகம் அப்படியே நின்றது.

கண்ணாடியில் நானும் பார்த்தேன். தையலைச் சுற்றிச் சாம்பல் நிறம். அவர் இடுக்கியால் தொட்டதும், நனைந்த தாள் மாதிரி ஒரு பக்கம் கழன்று வந்தது. புது வீட்டில் பாதிக்கு மேல் காலி.

"உதட்டைத் தூக்கிப் பார்த்தனீங்களோ அண்ணை?"

"இல்லியே டாக்டர்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் "நீயா எறிஞ்சே?" என்று கேட்டால் வருமே, அந்த மாதிரி தானாக வந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தையலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அப்ப நான்தான் இறுக்கித் தைச்சுப்போட்டன். ரத்தம் போக இடம் விடேல்லை. என்ட பிழை அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இனி முன்பல்லு நான் செய்ய மாட்டன். தெரிஞ்ச ஆக்களிட்டை அனுப்பிவிடுறன்."

என்னிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார். நான், "பரவால்ல டாக்டர்" என்று பெரிய மனதோடு மன்னித்துவிட்டு வருகிறேன். என் அல்பத்தனங்களை எல்லாம் நான் ஜோக்காக்கிச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ரொம்ப நாள் ஜோக்காக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ரப்பர் நாற்றுமேட்டில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவள். நாற்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுப் பட்டையை உள்ளே செருகி, நாடா சுற்றிக் கட்டும் வேலை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கட்டுனா எத்தன நாளுக்கு நாங்க பிரிக்க மாட்டோம் தெரியுமா?"

"தெரியாது."

"மூணு வாரம். புதுசா வேலைக்கு வந்ததுங்க மட்டும் ஒட்டிக்கிச்சான்னு பிரிச்சுப் பாக்கும். பாத்தா செத்துரும். கங்காணி அதுங்கள நாத்துமேட்டுப் பக்கமே விட மாட்டாரு." கீரையைத் தட்டில் போட்டாள். "நீங்க புதுசா வந்த ஆளு, சரி. ஆனா கன்னு செத்ததுக்கு, கட்டுன பொம்பள கையில தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே, அது என்ன பழக்கம்?"

"நான் சொல்லல. அவங்களே சொன்னாங்க."

"நீங்க இல்லன்னு சொன்னீங்களா?"

அன்றைக்குக் கீரைக் குழம்பு இறங்கவில்லை. குழம்பில் குற்றமில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு கொமூட்டர் ரயிலில் கிளம்பினேன். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வருவதற்குள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். நாலிலும் ஒரு ஜோக் இருந்தது. டாக்டர் எதிரில் உட்கார்ந்தபோது நாலும் மறந்துவிட்டன.

"நேத்து ஒரு பொய் சொல்லிட்டேன் டாக்டர். ஒதட்டத் தூக்குனேன்."

"எத்தினை தரம்?"

"தடவ எண்ணல. ஆளு எத்தன பேருன்னா சொல்லலாம்."

"ஆளோ?"

வரிசையின் முதல் வீட்டிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். வீடுகள் முடிந்து அலுவலகம் வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டிரைவர்கள் முடிந்து முடிவெட்டுபவர் வந்தார்.

"முடி வெட்டுறவருக்குமோ?"

"அவரு கேக்கல. நானாத்தான்..."

அவர் சிரிக்கவில்லை. "நேற்றையில இருந்து என்ட கையையே பார்த்துக்கொண்டிருக்கிறன் அண்ணை. எந்த இடத்தில இறுக்கினனான் எண்டு, நூலை எடுத்து வைச்சுத் திரும்பத் திரும்பத் தைச்சுப் பார்த்தனான்" என்றார். மேசையோரத்தில் ஒரு துண்டு ரப்பர்த் தாள் இருந்தது. அதில் வரிசை வரிசையாகத் தையல்கள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ரப்பர்த் தாளை ஓரமாக நகர்த்திவிட்டு அவரே கேட்டார். கோபம் முழுதும் போகவில்லை. ஆனால் துண்டு வீடு மாறியதைப் பற்றி நான் கேட்டபோது அவர் முகத்தில் வந்த பார்வை மறுபடி வந்திருந்தது.

"ஏன் காட்டினனீங்கள்? உண்மையா விளங்கேல்லை எனக்கு."

எங்கள் வரிசையைப் பற்றிச் சொன்னேன். ஆரஞ்சு, பிஸ்கட் டின், அங்கிளின் குடலிறக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் படிச்ச இடத்தில ஒருத்தரும் வந்து பார்க்க மாட்டினம். பூ அனுப்புவினம், கார்ட் அனுப்புவினம். அதால அந்தத் தாளில இது இல்லை" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "தமிழில எழுதித் தாங்கோ. உங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரி."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "பார்க்க வருகிறவர்கள் காட்டச் சொல்வார்கள். காட்டாதீர்கள். மாமியார் கேட்டாலும் காட்டாதீர்கள். டாக்டர் தைத்த இடத்தைப் பார்க்க டாக்டருக்கு மட்டுமே உரிமை. கண்ணாடி முன்னால் தனியாக நிற்காதீர்கள்." அவர் படித்துவிட்டு, 'மாமியார்' என்ற இடத்தில் 'முதலாளி'யையும் சேர்க்கச் சொன்னார்.

"அப்ப மறுபடி செய்வீங்களா டாக்டர்?"

எழுதிய தாளை மேசை இழுப்பறையில் வைத்தார். "மேலண்ணம் ஆறட்டும். மூண்டு மாசம் போகட்டும். பிறகு பார்ப்பம்" என்றார்.

மூன்று மாதம் கழித்து மறு பக்கத்து அண்ணத்திலிருந்து எடுத்துத் தைத்தார். இந்தத் தடவை முழு இரண்டு வாரம் லீவு எடுத்தேன். வீட்டிலிருந்த கண்ணாடிகளின்மேல் மனைவி காலண்டர்களை மாட்டிவிட்டாள். தலை சீவப் போனால் முருகன்தான் தெரிவார். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "காட்டுனா பாக்குறவங்களுக்கு ஒட்டிக்குமாம்" என்று சொல்லி அனுப்பினாள். பக்கத்து வீட்டு ஆன்டி இரண்டு வாரம் எங்கள் வேலிப்பக்கம் துணிகூடக் காயப்போடவில்லை. ஆரஞ்சுப் பை மட்டும் வாசல் கேட்டில் தொங்கும். நான் தினமும் அந்தச் சதைத்துண்டை நினைத்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன். பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று நாற்றுமேட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பதினைந்தாம் நாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, உதட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பயம் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் இருந்தது.

தூக்கினார். ஒரு மொண்ணைக் கருவியால் ஈறை லேசாக அழுத்தினார், எடுத்தார். மறுபடி அழுத்தினார், எடுத்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"பாருங்கோ. இப்ப பார்க்கலாம்."

அழுத்திய இடம் வெள்ளையாகியது. கருவியை எடுத்ததும் வெள்ளைக்கு நடுவில் மெல்லச் சிவப்பு ஊறி வந்து, பரவி, பக்கத்து ஈறோடு கலந்தது. பள்ளம் இருந்த இடம் உப்பியிருந்தது. எது பழைய ஈறு, எது மேலண்ணத்துச் சதை என்று எனக்கு எல்லை கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரத்தம் ஓடுது" என்றார். நர்சிடம் கேமராவை எடுத்துவரச் சொன்னார். படம் எடுக்கும்போது அவர் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். ஆறோ ஏழோ படம் எடுத்த பிறகு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அடுத்த மாசம் இன்னொராளுக்கு முன்பல்லு இருக்கு. அனுப்பிவிடுவம் எண்டு இருந்தனான். செய்யலாம் போல கிடக்கு."

"யாருக்கு டாக்டர்? எந்தப் பல்லு? அவங்களுக்கும் ஈறு வத்திப்போச்சா?"

"வாயை ஆவெண்டு திறங்கோ அண்ணை" என்றார். "இன்னும் ரெண்டு படம் இருக்கு."